சிலோன் தாத்தா, சிலோன் பாட்டி: இங்க வரணும்னு சொன்னது யாரு?

அவனி_செந்தில் | நவம்பர் 23, இரவு 9.40

மதுரை அவனியாபுரத்துல எங்க தெருவுல இருந்த சிலோன் தாத்தா போன மாசம் காலமாயிட்டாரு. பாட்டி போன வருசமே போயிட்டாங்க. ரெண்டு பேரும் இருந்த ஓட்டு வீட்டை இந்த வாரம் காலி பண்ணுனாங்க. கல்யாணமாகி அம்பது வருசம் சேர்ந்து இருந்தவங்க.

சாமான் ஏத்துறப்ப எங்க அம்மாவுக்கும் எதுத்த வீட்டு அத்தைக்கும் வாக்குவாதம். "அவுகதான் இந்தியாவுக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாக, நான் அழுதுக்கிட்டே வந்தேன்"னு பாட்டி சொன்னதா அம்மா சொல்றாங்க. அத்தை கேட்டது நேர் எதிரா. பாட்டிதான் "கெளம்புங்க"ன்னு தாத்தாவைத் தள்ளிவிட்டாங்களாம். அரை மணி நேரம் ஓடுச்சு. டெம்போக்காரன் ஹாரன் அடிச்சதுக்கப்புறம்தான் நிறுத்துனாங்க.

அவங்க பேத்தி, தெருவுல தெரிஞ்சவங்க ஞாபகத்தையெல்லாம் சேத்துக் குடுங்கண்ணேன்னு கேட்டுச்சு. அதான் இந்த இழை. பேரை இங்க போட வேணாம்னு வீட்டுல கேட்டுக்கிட்டாங்க. போட்டாலும் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாதுங்கறது வேற விசயம். ரேஷன் கடையிலயே "சிலோன்காரரே"ன்னுதான் கூப்பிடுவாங்க.

டீக்கடை_முருகன் | நவம்பர் 23, இரவு 10.15

இருபது வருசமா என் கடைக்கு வந்தாரு. ஒரு நாளும் பால் டீ குடிச்சதில்ல. வெறும் சாயம், சீனி தனியா உள்ளங்கையில. ஒரு வாய் டீ, ஒரு நக்கு சீனி. "தேத்தண்ணி"ம்பாரு. புதுத் தூள் பாக்கெட்டை ஒடச்சா மோந்து பாத்துட்டு, "இது தூசி முருகா, ஃபாக்டரியில கூட்டி அள்ளுனது"ம்பாரு. எங்களுக்கு அங்கயும் தூசிதான் குடுத்தான், நல்ல எலையெல்லாம் லண்டனுக்குப் போயிரும்னு சிரிப்பாரு.

நிறையப் பேருக்குத் தெரியாத விசயம் ஒண்ணு. அவரே முதல்ல டீக்கடைதான் வச்சாரு. வந்தவங்களுக்குக் கவர்மெண்ட் குடுத்த வியாபாரக் கடன்ல போட்டது. எட்டு மாசத்துல மூடிட்டாரு. சாயத் தண்ணியை நீட்டுனா மருதைக்காரன் குடிப்பானா? "பாலு எங்கய்யா"ன்னு கேட்டிருக்கான். பாலை ஊத்துனா இவருக்குக் கை நடுங்குமாம். அதோட அம்புட்டுப் பேருக்கும் கடன் சொல்லிக் குடுத்திருக்காரு. பாட்டி எங்கிட்டச் சொன்னது இது: "தேயிலைய வித்துக் கெட்டவன் துரை இல்ல முருகா, எங்க ஆளுதான்."

புதியவன்77 | நவம்பர் 24, காலை 7.02

இவங்க ஆனையூர் முகாம்ல இருந்து வந்தவங்களா? 83 கலவரத்துல வந்தவங்கதானே?

ஓய்வு_வாத்தியார் | நவம்பர் 24, காலை 8.30

இல்லை தம்பி. பலரும் செய்யும் குழப்பம் இது. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் இருப்பவர்கள் 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த அகதிகள். நம் தாத்தாவும் பாட்டியும் அதற்கு முன்னால், கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர்கள். அரசாங்கக் காகிதத்தில் "தாயகம் திரும்பியோர்". பிறந்ததே அங்கே என்றால் எங்கே திரும்புவது என்று அந்தச் சொல்லை வைத்த அதிகாரி யோசிக்கவில்லை போலிருக்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன், வகுப்பெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இலங்கை மலையகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்து ஏழைகளைக் கங்காணிகள், அதாவது தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பவர்கள், கூட்டிப் போனார்கள். 1948-ல் சுதந்திரம் வந்த கையோடு அங்கே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கினார்கள். பிறகு 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டு, 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடு பாகம் பிரிப்பது போலத்தான்.

வந்தவர்களை முதலில் இறக்கியது மண்டபம் முகாமில். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் போகிற கூலிகளைக் காலரா, பிளேக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பியதும் அதே மண்டபத்தில்தான்.

அவனி_செந்தில் | நவம்பர் 24, காலை 8.51

ஐயா, நன்றி. ஆனா கேள்வி அப்படியே நிக்குது. வரணும்னு சொன்னது யாரு?

வலையங்குளத்தான் | நவம்பர் 24, மதியம் 2.20

எங்க அப்பா பூத்தோட்டத்துலதான் ரெண்டு பேரும் முப்பத்தஞ்சு வருசம் வேலை பாத்தாங்க. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

டீக்கடை மூடுன பிறகு அந்தம்மாதான் முதல்ல வேலை கேட்டு வந்திருக்கு. மல்லிகை பறிக்கத் தெரியுமான்னு அப்பா கேட்டதுக்கு, "கொழுந்து பறிச்ச கை சாமி, பூவா பறிக்காது"ன்னு சொல்லியிருக்கு. மறுநாள் கோழி கூப்பிட வந்துருச்சு. மல்லியை விடியுமுன்ன மொட்டாப் பறிக்கணும், வெயில் ஏறுனா விலை போச்சு. இந்தம்மா ரெண்டு கையாலயும் பறிக்குது. நம்ம பொம்பளைங்க ஒரு கையால கிளையைப் பிடிச்சு ஒரு கையால பறிப்பாங்க. எல்லாரும் வாயைப் பொளந்து பாத்திருக்காங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, அது நடந்த வழியெல்லாம் பூ. பறிச்ச பூவைத் தோளுக்கு மேல பின்னாடி வீசிக்கிட்டே போயிருக்கு. அங்க முதுகுல கூடை தொங்கும்ல, அந்தப் பழக்கம். இங்க முதுகுல கூடை ஏது? திரும்பிப் பாத்துட்டு அதுவே உக்காந்து சிரிச்சிருக்கு. மத்தவங்களும் சேந்து குனிஞ்சு பொறுக்கியிருக்காங்க. எங்க தோட்டத்துல இந்தக் கதையைச் சொல்லாத வருசமில்ல.

அன்னைக்கு எடை போட்டு முடிச்சதும், "ஐயா, பேர் விழுந்துச்சா?"ன்னு கேட்டிருக்கு. அப்பாவுக்குப் புரியல. பேரைக் கேக்குதுன்னு நெனச்சு தன் பேரைச் சொல்லியிருக்காரு! எஸ்டேட்டுல சொன்ன எடை பறிச்சாத்தான் ஒரு நாள் கணக்கு, அதுக்குப் "பேரு"ம்பாங்களாம். குறைஞ்சா அரைப் பேருதான். கிலோவுக்குக் காசுன்னு அப்பா சொன்னதும், "அப்ப பேரே இல்லையா"ன்னு முகம் வாடிப்போச்சாம்.

இடுப்புல சாக்கைச் சுத்திக்கிட்டு வரும். படங்குன்னு சொல்லும். முதல்ல எல்லாரும் கேலி பண்ணுனாங்க. மார்கழிப் பனியில சேலை நனைஞ்சு நடுங்குனதுக்கப்புறம் எல்லாப் பொம்பளைங்களும் உரச்சாக்கைக் கட்டிக்கிட்டாங்க.

தாத்தாவைப் பத்திச் சொல்றேன். பறிச்ச பூவைச் சைக்கிள்ல மார்க்கெட்டுக்குக் கொண்டுபோறது அவர் வேலை. அந்தம்மா பறிக்கும், இவர் கட்டி ஏத்திக்கிட்டு இருட்டோட மிதிப்பாரு. ஆனா அவரோட உண்மையான தொழில் கவாத்து. தேயிலைச் செடியை வெட்டிவிடுறதை அங்க கவ்வாத்துன்னுதான் சொல்லுவாங்களாம். மல்லிகைக்கும் கார்த்திகை வாக்குல வெட்டணும்ல? முதல் வருசம் அப்பா ஆள் வச்சு வெட்டுறதை வரப்புல நின்னு பாத்திருக்காரு. தாங்கல. "செடியை அறுக்குறீங்களே, இது என்ன கோழியா"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துட்டு வந்துட்டாரு. அங்கேருந்து துணி மூட்டைக்குள்ள சுத்தி, கப்பல்ல கொண்டு வந்த கத்தி. நுனி வளைஞ்சு, கைப்பிடி வழவழன்னு இருக்கும். ஒரு வீச்சுல ஒரு கிளை, சாய்வா, நுனி சிதையாம விழும். அதுக்கப்புறம் எங்க தோட்டத்துல அவரைத் தவிர யாரும் கவாத்துல கை வச்சதில்ல. அந்த மாசம் மட்டும் அந்தம்மாவுக்கு வேலை கிடையாது. ஆனாலும் சோறு தூக்கிக்கிட்டு வந்து, வரப்புல உக்காந்து, "அந்த வாது தப்பிருச்சு, இந்தா இது"ன்னு நோட்டம் சொல்லிக்கிட்டே இருக்கும். இவர் திட்டிக்கிட்டே வெட்டுவாரு. அவங்க ரெண்டு பேரையும் நெனச்சா எனக்கு முதல்ல கண்ணுல வர்றது அந்த வரப்புதான்.

செந்தில் கேள்விக்கு வர்றேன். அப்பாகிட்ட தாத்தா சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். "எனக்கு வர மனசே இல்லீங்க. அவதான். பசி தாங்கல, புள்ளைக்குப் பாலில்ல, கெளம்புய்யான்னா." 73, 74-ல அங்க பஞ்சம். மாவுக்கே வரிசையில நின்னிருக்காங்க, தோட்டத்துல பட்டினியில செத்தவங்களும் உண்டு. அதைப் பேசுனா மனுசன் கொஞ்ச நேரத்துக்கு எந்திரிக்க மாட்டாரு.

வைகைவாசி | நவம்பர் 24, மாலை 6.05

எல்லாரும் சாமி ஆக்கிடாதீங்க. தாத்தா சீட்டாட்டத்துல கெட்டிக்காரரு. தோக்குறதுல. 1998-ல எங்கிட்ட வாங்குன எண்ணூறு ரூவா இன்னும் வரல. செத்தவங்களைப் பத்தி இப்படி எழுதக்கூடாதுன்னா எழுதல. ஆனா பாட்டி இருட்டோட எந்திரிச்சு முதுகொடிஞ்சது அந்தச் சீட்டுக்கும் சேத்துத்தான்.

நடத்துநர் | நவம்பர் 24, மாலை 6.30

பதிவு இருக்கட்டும். கடன் வசூலுக்கு இந்த இழை வேணாம்.

சுந்தரி_அக்கா | நவம்பர் 24, இரவு 8.48

வைகைவாசி, உங்க எண்ணூறு வந்திருச்சு. உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மேடைக்கும் பொண்ணு தலைக்கும் பூ யாரு குடுத்தான்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. ஆவணி முகூர்த்தம், மல்லி தீப்பிடிச்ச விலை. காசு வேணாம்னு பாட்டி சொன்னப்ப நான் பக்கத்துல இருந்தேன். "ஒரு கணக்கு இருக்குடி"ன்னு மட்டும் சொன்னாங்க.

பூக்கட்ட எனக்குச் சொல்லிக் குடுத்ததே பாட்டிதான். அவங்க இங்க வந்துதான் கத்துக்கிட்டாங்க. மூணு மாசத்துல நம்மளை விட வேகமாக் கட்டுனாங்க.

யாரு வரச் சொன்னதுன்னு எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க, ஒரு தடவை இல்ல, நூறு தடவை. ஆனா ஒவ்வொரு தடவையும் வேற. பூ விலை நல்லா வித்து, வீட்டுல கறி எடுத்த அன்னைக்கு, "நான் சொல்லலேன்னா இந்த மனுசன் லயத்துலயே கெடந்து மக்கிப்போயிருப்பாரு"ம்பாங்க. (லயம்னா எஸ்டேட்டுல கூலிக்காரங்களுக்குக் கட்டுன வரிசை வீடு.) விலை விழுந்து, குப்பையில கொட்டிட்டு வந்த அன்னைக்கு, "இவர் பேச்சைக் கேட்டு வந்தேன் பாரு"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. தாத்தாவும் அதே ரகம்தான். சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குறதைப் பாத்துட்டு வர்றப்ப, "இதைப் பாக்கத்தான் ஒன்னைய இங்க கூட்டியாந்தேன்"ம்பாரு. வீட்டுக்காரர் வாடகை ஏத்துனா "ஒன்னாலதான்". இவங்க ரெண்டு பேர் சொன்னதையும் நம்பி செந்தில் அம்மா சண்டை போடுறது எனக்குச் சிரிப்பா இருக்கு.

ஒரு விசயம் மட்டும் மாத்தாமச் சொல்லுவாங்க. வந்த புதுசுல மேலூர் பக்கம் தாத்தாவோட பூர்வீக ஊரைத் தேடிப் போயிருக்காங்க. தாத்தாவோட தாத்தா கெளம்பிப் போன ஊரு. பேரு, வகையறா எல்லாம் சரியாச் சொல்லி, வீட்டையும் கண்டுபிடிச்சிட்டாங்க. திண்ணையில உக்கார வச்சு, எலை போட்டுச் சோறு போட்டிருக்காங்க. நல்ல கவனிப்பு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கப்ப, உள்ளேருந்து ஒரு பெரியவர் தகரப்பெட்டியைத் தூக்கி மச்சுல ஏத்துனதைப் பாட்டி பாத்துட்டாங்க. பத்திரப் பெட்டி. பங்கு கேட்டு வந்திருக்காங்கன்னு பயம். தாத்தா குனிஞ்சு சாப்பிட்டதால கவனிக்கல. பாட்டி அவர்கிட்டச் சொல்லவே இல்லையாம். "நல்ல சனம், அடுத்த பொங்கலுக்கும் போவோம்"னு தாத்தா சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. இவங்க ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சாக்குச் சொல்லித் தட்டிவிட்டிருக்காங்க. கடைசி வரைக்கும் சொல்லல. இப்ப ரெண்டு பேரும் இல்ல, அதான் எழுதுறேன்.

அவனி_செந்தில் | நவம்பர் 24, இரவு 9.10

அக்கா, இது எங்க அம்மாவுக்கே தெரியாது. படிச்சுக் காட்டுனேன், ஒண்ணுமே பேசல.

சின்னப்புள்ளையில பாட்டி எங்கிட்ட "மாசி வாங்கிட்டு வாடா"ன்னு காசு குடுத்தாங்க. நான் பஸ் ஏறி மேலமாசி வீதிக்குப் போய் நின்னு, என்ன வாங்கணும்னு தெரியாம அழுதுட்டுத் திரும்பி வந்தேன். சம்பலுக்குப் போடுற மாசிக் கருவாடுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. தேங்கா ரொட்டியும் அந்தச் சம்பலும் இப்ப எங்க கிடைக்கும்?

டீக்கடை_முருகன் | நவம்பர் 24, இரவு 9.22

எங்கயும் கிடைக்காது. கேக்காத.

கோத்தகிரி_மருமகள் | நவம்பர் 25, காலை 11.15

நான் இப்ப திருநகர்ல இருக்கேன், பொறந்தது கோத்தகிரி. எங்க அப்பாயி அம்மாயி எல்லாரும் இப்படி வந்தவங்கதான். இவங்களை எனக்குத் தெரியாது, ஆனா படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

மலையில இருந்து தலைமன்னாருக்கு வர்ற ரயிலுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரு ஒப்பாரிக் கோச்சி. ரயிலைக் கோச்சின்னுதான் சொல்லுவாங்க. ஸ்டேஷன்ல போறவங்களும் அழுவாங்க, நிக்கிறவங்களும் அழுவாங்க. ஒரே வீட்டுல அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்குச் சிலோன்னு பிரிஞ்சது ஏராளம். தலைமன்னார்ல இருந்து ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம். எங்க அம்மாயி கப்பல்ல கடலையே பாக்கலையாம், மூட்டையைப் பாத்துக்கிட்டே வந்தாங்களாம்.

தாத்தா ரேடியோ கேப்பாரா? எங்க வீட்டுல இலங்கை வானொலி இல்லாம சாயங்காலம் கிடையாது.

அவனி_செந்தில் | நவம்பர் 25, மதியம் 12.40

கேப்பாரா! நாங்க பாட்டுக்காகக் கேப்போம். அவர் பிறந்தநாள் வாழ்த்துக்காகக் கேப்பாரு. ஊர்ப் பேரு வாசிப்பாங்கள்ல, பொகவந்தலாவை, மஸ்கெலியா, பண்டாரவளைன்னு. அவர் ஊரு தலவாக்கலை. அந்தப் பேரு வந்தா கையைத் தூக்குவாரு, யாரும் பேசக்கூடாது. அதுக்குள்ள பாட்டி வேணும்னே அடுப்படியில பாத்திரத்தை உருட்டுவாங்க.

பேத்தி | நவம்பர் 26, இரவு 11.05

எல்லாத்தையும் படிச்சேன். ரெண்டு தடவை. சுந்தரி அத்தை, மேலூர் விசயம் எங்க அப்பாவுக்கும் தெரியாது.

தாத்தாவுக்குப் போன்ல தலவாக்கலை மேப்பைக் காட்டியிருக்கேன். மேல் கொத்மலை அணை 2012-ல வந்ததுல பழைய டவுன்ல ஒரு பகுதி தண்ணிக்குள்ள போயிருச்சு. விரல வச்சு நகத்திக்கிட்டே இருந்தாரு. "இது வேற ஊரு"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டாரு. பாட்டி வாங்கிப் பாத்துட்டு, ஸ்டேஷன் இதுதான்னு சரியாக் காட்டுனாங்க.

யாரு முடிவு பண்ணுனதுங்கறதுக்கு எங்கிட்ட ஒரு காகிதம் இருக்கு. வீடு காலி பண்றப்ப அரிசிப் பானைக்கு அடியில கிடைச்சது. கண்டியில இருந்த இந்திய அலுவலகத்துல குடுத்த குடும்ப அட்டை. விண்ணப்பம் போட்டது தாத்தாவோ பாட்டியோ இல்ல. தாத்தாவோட அப்பா. 1969. அப்ப தாத்தாவுக்குப் பதினாறு வயசு. அப்பா கைநாட்டு வச்சதுல பிள்ளைங்க பேரும் சேந்து போயிருச்சு. அவர் 74 பஞ்சத்துல இறந்துட்டாரு, அட்டையில அவர் பேர் மேல சிவப்பு மையில ஒரு கோடு. அதுக்குக் கீழ தாத்தாவோட அம்மா, அப்புறம் தாத்தா. பாட்டி பேரு கடைசியில, வேற மையில, வேற கையெழுத்துல சேத்திருக்கு. அதுக்கும் கீழ பதினொரு மாசக் கைக்குழந்தை, என் பெரியப்பா.

அப்ப ரெண்டு பேருமே முடிவு பண்ணலைன்னுதான் நானும் முதல்ல நெனச்சேன். ஆனா பாட்டி வீட்டுல அவங்க அப்பா சிலோன் குடியுரிமைக்குத்தான் எழுதிக் குடுத்திருந்தாரு. அவங்க கூடப் பொறந்தவங்க எல்லாரும் இன்னும் அங்கதான் இருக்காங்க. கல்யாணம் 1973. தாத்தா வீட்டுக்கு இந்தியான்னு அந்த லயத்துல எல்லாருக்கும் தெரியும்.

காலேஜ் படிக்கிறப்ப பாட்டிகிட்ட நேராவே கேட்டேன். "தாத்தா போகப் போறாருன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்ட?" பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. நிமிரல. "தெரியும்"னாங்க. "அப்ப முடிவு பண்ணுனது நீதானே?"

"அதை அந்த ஆளுகிட்டச் சொல்லிராதடி. தான் கூட்டியாந்ததா நெனச்சுக்கிட்டுத் திரியுறாரு."

வைகைவாசி | நவம்பர் 27, காலை 6.50

கல்யாணப் பூ விசயம் அம்மாகிட்டக் கேட்டேன். நெசம்தானாம். எண்ணூறைத் தள்ளிவிட்டேன்.

ஓய்வு_வாத்தியார் | நவம்பர் 27, காலை 9.10

பேத்தி, அந்த அட்டையை ஒட்டுத்தாள் போட்டு ஒட்டிவிடாதீர்கள். வெயில் படாமல் காகித உறையில் வையுங்கள். இருபுறமும் நல்ல படம் எடுத்து நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

பேத்தி | நவம்பர் 27, இரவு 8.30

சரிங்க ஐயா. வலையங்குளம் அண்ணே, ஒண்ணு கேக்கணும். தாத்தாவோட கவாத்துக் கத்தி வீட்டுல இல்ல. உங்க தோட்டத்துல இருக்கா?

வலையங்குளத்தான் | நவம்பர் 27, இரவு 9.55

மோட்டார் ரூம்ல இருக்கு பாப்பா. கால் முடியாமப் போனப்ப அவரே குடுத்துட்டுப் போனாரு. இப்ப என் பையன்தான் வெட்டுறான், அவர் சொல்லிக் குடுத்தது. பாதித் தோட்டம் முடிஞ்சிருக்கு, இன்னும் நாலு நாள் வேலை இருக்கு. முடிஞ்சதும் சாணை பிடிச்சு நானே கொண்டாந்து தர்றேன். அதுவரைக்கும் கேக்காத.